டச்சு–ஆங்கில மொழிபெயர்ப்பு: முத்திரை இருக்கட்டும், கேள்வி எங்கே?

டச்சு–ஆங்கிலத்துக்கு நல்ல ஆள் யாராவது தெரியுமா என்று நண்பர் கேட்டார். ஒப்பந்தம், வீட்டுப் பத்திரம், கோர்ட் தாள் என்று பல வருஷமாகக் கொடுத்து வாங்கிய அனுபவத்தில் சொல்கிறேன்.

நெதர்லாந்தில் ஆள் கிடைப்பது சிரமமே இல்லை. 2009 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, பிரமாணம் எடுத்த மொழிபெயர்ப்பாளர்களும் உரைபெயர்ப்பாளர்களும் (பேச்சை வாய்மொழியாகவே மாற்றித் தருபவர்கள்) ஆர்.பி.டி.வி. என்ற அரசுப் பதிவேட்டில் இருக்கிறார்கள். யாரும் தேடிப் பார்க்கலாம். திசையை மட்டும் கவனியுங்கள்: டச்சிலிருந்து ஆங்கிலம் ஒரு பதிவு, ஆங்கிலத்திலிருந்து டச்சு வேறு பதிவு. பிரிட்டனில் இப்படிப் பிரமாண முறை கிடையாது, அங்கே ஐ.டி.ஐ. அல்லது சி.ஐ.ஓ.எல். என்ற தொழில்முறை அமைப்புகளின் உறுப்பினரைப் பிடிப்பதுதான் நல்லது.

எனக்கு இன்றுவரை ஆறாத எரிச்சல் மொழிபெயர்ப்பு ஏஜென்சிகள்மேல்தான். நியாயமாகப் பார்த்தால் பெரிய குறை சொல்ல முடியாது. கெடு தவறுவது அபூர்வம். ஐ.எஸ்.ஓ. 17100 என்ற மொழிபெயர்ப்புச் சேவைத் தரத்தின்படி வேலை செய்பவர்களானால், இரண்டாவது ஆள் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தியே ஆக வேண்டும். 200 பக்கம் அவசரமாக வேண்டுமென்றால் தனி ஆளால் ஆகாது. ஆனால் மொழிபெயர்த்தவர் யாரென்றே நமக்குத் தெரியாது. அவருக்கு வந்த சந்தேகம் நடுவில் இருக்கும் மேனேஜரின் மெயிலோடு நின்றுவிடுகிறது.

சந்தேகம் கேட்காவிட்டால் என்ன ஆகும்? 'ஆன்ஹௌடிங்' என்ற டச்சுச் சொல்லை எடுங்கள். போலீஸ் அறிக்கையில் அது கைது. விசாரணைக் குறிப்பில் ஒத்திவைப்பு. ஒத்திவைத்தது வழக்கை, ஆங்கிலத்தில் கைதாகிவிடுவதோ மனிதர். 'எவென்டுவேல்' என்றால் 'ஏதேனும் இருந்தால்'. அதை 'இவென்சுவலி' என்று எழுதினால், வரலாம் என்றிருந்த நஷ்டம் வந்தே தீரும் என்று ஆகிவிடும். எண்களும் அப்படித்தான்: டச்சில் 1.250 என்பது ஆயிரத்து இருநூற்று ஐம்பது. 'பில்யூன்' என்பது லட்சம் கோடி. ஆங்கில 'பில்லியன்' நூறு கோடிதான்.

விஷயம் தெரிந்தவர் மொழிபெயர்ப்போடு ஒரு கேள்விப் பட்டியலும் அனுப்புவார். "பிரிவு 7.2: 'நோட்டாரிஸ்' என்பதை 'நோட்டரி பப்ளிக்' ஆக்கவில்லை, இவர் பத்திரமே எழுதித்தரும் சட்ட அதிகாரி, ஒப்புதலா?" இப்படி ஆறேழு வரி வந்தால் மனசு நிறைந்துவிடும். பக்கத்துக்குப் பக்கம் அடித்த முத்திரை தராத நம்பிக்கை அது.

உரைபெயர்ப்பாளருக்கு வருவோம். வீட்டுப் பத்திரக் கையெழுத்துக்கு வருபவருக்கு வரைவை இரண்டு மூன்று நாள் முன்னதாகவே அனுப்பிவிடுங்கள். கருத்தரங்கில் உடனுக்குடன் பேச இரண்டு பேர் வேண்டும்; 20–30 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள். ஒருவரே நாள் முழுக்கப் பேசுகிறேன் என்றால் வேண்டாம். நேரத்தையும் எண்ணில் எழுதுங்கள்: டச்சில் 'அரை மூன்று' என்றால் 2.30, பிரிட்டிஷ் பேச்சில் 3.30.

பதிவேட்டுக்கு ஐந்துக்கு ஐந்து. ஏஜென்சிக்கு நான்கு தரலாம், ஆனாலும் ஒப்பந்தம் என்றால் இனி அவர்களிடம் போக மாட்டேன். பதிவேட்டில் மூன்று பெயர் எடுங்கள். இருப்பதிலேயே கடினமான ஒரு பக்கத்தை, பெயர் விவரங்களை மறைத்து அனுப்பி, இதில் என்ன சந்தேகம் என்று கேளுங்கள். ஒன்றுமில்லை என்று பதில் வந்தால் அடுத்த பெயருக்குப் போங்கள்.