புரோக்கர் கணக்கும் ஏஐ ஏஜென்ட்டும்: டூல் விளக்கம் எழுதிப் பழகிய அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பங்கு புரோக்கர் கணக்கை, கேட்டதைத் தானே தேடிப் பார்த்துப் பதில் சொல்லும் ஏஐ ஏஜென்ட்டோடு இணைத்தால் நன்றாகவே ஓடுகிறது, ஆனால் புரோக்கர் கொடுக்கும் டூல் விளக்கத்தை (கணக்கில் ஒரு வேலைக்காக ஏஜென்ட் கூப்பிடும் வசதிதான் டூல்) அப்படியே நம்பி இணைத்தால் தலைவலிதான். பெரம்பூரில் இருந்துகொண்டு என் டிமேட் கணக்கையும், வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடை வைத்திருக்கும் மாமாவின் கணக்கையும் ரொம்ப நாளாக இப்படித்தான் பார்க்கிறேன். அவர் கணக்குக்குத் தினமும் அவரேதான் லாகின் செய்து தர வேண்டும், ஒரு நாள் அனுமதி மறுநாளைக்குச் செல்லாது. எந்த புரோக்கர் என்று கேட்காதீர்கள்.

இணைப்பு எம்சிபி வழியாக. ஏஐயை வெளி மென்பொருள்களோடு இணைக்க ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட திறந்த நெறிமுறை அது. ஒவ்வொரு டூலுக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், என்னென்ன உள்ளீடு என்ற பட்டியல், ஏஜென்ட் பார்ப்பது பெரும்பாலும் இவ்வளவுதான். மென்பொருள் மூலம் கணக்கை அணுகும் வழியான ஏபிஐ பற்றி மனிதர்களுக்காக வைத்திருக்கும் பக்கத்தில் புரோக்கர் எவ்வளவு விளக்கமாக எழுதி வைத்திருந்தாலும் அது ஏஜென்ட்டின் கண்ணில் படாது. எனக்கு வந்ததில் ஹோல்டிங்ஸ், அதாவது கையில் இருக்கும் பங்குகளின் பட்டியலைத் தரும் டூலுக்கு விளக்கம் என்ன தெரியுமா? ‘பயனரின் ஹோல்டிங்ஸைத் தரும்.’ முடிந்தது.

இதன் பலனை மாமா ஒரு சாயங்காலம் பார்த்துவிட்டார். காலையில் டெலிவரியில் (அன்றே விற்காமல் வைத்துக்கொள்ள) வாங்கிய பங்கைப் பற்றி அவர் கேட்க, ‘உங்கள் கணக்கில் அந்தப் பங்கு இல்லை’ என்று ஏஜென்ட் அடித்துச் சொல்லிவிட்டது. உடனே போன். “இன்னாப்பா, காசு போயிடுச்சு, பங்கைக் காணோம்னு சொல்லுது?” பங்கு எங்கேயும் போகவில்லை. வாங்கிய அன்றைக்கு அது பொசிஷன்ஸ் என்ற அன்றைய வர்த்தகப் பட்டியலில் இருக்கும், மறுநாள்தான் ஹோல்டிங்ஸுக்கு வரும், அப்போதும் செட்டில்மென்ட் முடிந்து பங்கு டிமேட்டுக்கு வரும்வரை தனி எண்ணிக்கையாகக் காட்டும். சந்தையில் இருக்கும் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்பதால்தானோ என்னவோ யாரும் எழுதி வைக்கவில்லை. அன்றைக்கே, ஏஜென்ட்டுக்கும் புரோக்கருக்கும் நடுவில் என் பக்கம் ஓடும் சர்வரில் அந்த விளக்கத்தை மாற்றினேன்: ‘இன்று வாங்கியது இதில் வராது. ஒரு பங்கு இருக்கிறதா என்று கேட்டால் பொசிஷன்ஸையும் பார்க்காமல் இல்லை என்று சொல்லாதே.’ அப்புறம் அந்தப் பிரச்சினை வரவே இல்லை.

இன்னொன்று போனஸ். 2025 ஆகஸ்டில் எச்டிஎஃப்சி பேங்க் ஒன்றுக்கு ஒன்று போனஸ் (ஒரு பங்குக்கு இன்னொன்று இலவசம்) கொடுத்தது. விலை பாதியாகிவிட்டது, போனஸ் பங்கு கணக்கில் ஏற ஓரிரு நாள் ஆகும், அந்த இடைவெளியில் பழைய எண்ணிக்கையைப் புது விலையால் பெருக்கினால் லாபத்தில் இருந்தவனும் பெரிய நஷ்டத்தில் இருப்பதுபோல் தெரியும். ஏஜென்ட் அந்த எண்ணை எடுத்துக்கொண்டு ‘நஷ்டத்தைக் குறைக்கப் பாதியை விற்கலாம்’ என்று அறிவுரையே கொடுத்தது! அன்றைய விலை மாற்றம் என்ற எண் மட்டும் சாதாரணமாகத்தான் இருந்தது, ஏனென்றால் போனஸுக்கு ஏற்றபடி அடிப்படை விலையை எக்ஸ்சேஞ்ச் திருத்திவிடும். இந்த முரண்பாட்டையே விளக்கத்தில் எழுதிவிட்டேன்: அன்றைய மாற்றம் சின்னதாக இருந்து மொத்த லாபம் மட்டும் திடீரென்று சரிந்தால் போனஸா, ஒரு பங்கைப் பலவாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டா என்று முதலில் கேள், நஷ்டம் என்று சொல்லாதே.

மார்ஜின் டூலும் இதே ரகம்தான். அடமானம் வைத்த பங்குக்குக் கிடைக்கும் மார்ஜினையும் (வர்த்தகத்துக்குக் கிடைக்கும் வரம்பு) கையிருப்புப் பணத்தையும் கூட்டி ஒரே எண்ணாகத் தரும், ஏஜென்ட் அதை ‘உங்களிடம் இவ்வளவு ரொக்கம் இருக்கிறது’ என்று சொல்லும். எது பணம், எது பணம் இல்லை என்று ஒரு வரி போதும்.

அதற்காக வண்டி வண்டியாக எழுதிவிடவும் கூடாது. எல்லா டூலின் விளக்கமும் ஒவ்வொரு உரையாடலிலும் உள்ளே போகிறது, நீளம் கூடக் கூட ஏஜென்ட் தடுமாறுகிறது, செலவும் ஏறுகிறது. அந்த டூல் என்ன செய்யும் என்பதை அதன் பெயரே பாதி சொல்லிவிடும். எதைச் செய்யாது, எப்போது கூப்பிடக் கூடாது, இந்த இரண்டுக்குத்தான் நான் இடம் ஒதுக்குகிறேன்.

என் பெரிய எரிச்சல் வேறு. புரோக்கர் தரப்பில் ஒரு நாள் டூல் பெயரை மாற்றுவார்கள், ஒரு நாள் டூல் தரும் தகவலில் ஒரு புலத்தையே எடுத்துவிடுவார்கள், அறிவிப்பு எதுவும் வராது. தேதி போட்டு மாற்றப் பட்டியல் வைப்பது அவ்வளவு கஷ்டமா?

ஆர்டர் போடும் டூல்களை நான் இணைக்கவே இல்லை. படிக்க மட்டும், மாற்றும் என்றெல்லாம் டூலில் முத்திரை குத்த எம்சிபியில் வசதி உண்டு, ஆனால் அது வெறும் குறிப்பு, பூட்டு கிடையாது. அதுவும் இல்லாமல் ஆர்டர் ஐடி வந்தால் ஆர்டர் போய்ச் சேர்ந்தது என்றுதான் அர்த்தம், நிறைவேறியது என்று இல்லை. இதை எழுதி வைக்காத சர்வரில் ஏஜென்ட் ‘வாங்கியாச்சு’ என்று சொல்லிவிட்டுப் போய்விடும், ஆர்டர் நிராகரிக்கப்பட்டுக் கிடக்கும். பதில் வரத் தாமதமானால் இன்னொரு முறையும் போடும். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் நெட் இருக்கும் லட்சணத்துக்கு அது ஆபத்து.

பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் 2025 பிப்ரவரி 4 சுற்றறிக்கையையும் படித்துவிடுங்கள். ஏபிஐ ஆர்டருக்கு நிலையான ஐபி முகவரி (மாறாத இணைய முகவரி) கேட்கிறது. நாமே எழுதிப் பதிவு செய்யும் ஆல்கோவை (தானாக ஆர்டர் போடும் நிரலை) நமக்கும் வாழ்க்கைத்துணைக்கும் நம்மைச் சார்ந்த பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் தவிர வேறு யாருக்கும் பயன்படுத்தக் கூடாது என்கிறது. அதில் மாமா வரமாட்டார். “ரெண்டு ஷேரை வித்துக் குடுக்கச் சொல்லேன்” என்று இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார், போனில் நீங்களே வித்துக்குங்க மாமா என்று சொல்லி வைத்திருக்கிறேன்.