கிண்டி சிறுவர் பூங்கா: அம்மாவோடு போன ஒரு காலை

மூன்று வாரம் லீவு எடுத்துக்கொண்டு மெல்பர்னில் இருந்து சென்னைக்கு வந்தோம். அதில் பாதி வங்கி, ஆதார், பல் டாக்டர் என்றே போய்விட்டது. நான் போட்டு வைத்திருந்த பட்டியலில் பூங்கா எதுவும் இல்லை. அம்மாதான் ஒரு நாள் ராத்திரி, "குழந்தைக்கு மான் காட்ட வேண்டாமா? உன்னை எத்தனை தடவை கிண்டிக்குத் தூக்கிட்டுப் போயிருக்கேன்" என்று கேட்டாள். உடனே சரி என்று சொல்லிவிட்டேனே தவிர, மனதுக்குள் தயக்கம்தான். அம்மாவுக்கு இரண்டு முட்டியிலும் வலி, கைத்தடி இல்லாமல் பத்தடி நடக்க முடியாது. எனக்கு நினைவிருந்த பூங்காவோ மேடும் பள்ளமுமான மண் பாதை, உட்கார வேண்டுமென்றால் வேர்மேல்தான் உட்கார வேண்டும்.

காணும் பொங்கல் அன்று அந்தப் பக்கமே போகக்கூடாது, சென்னையில் பாதி ஜனம் அங்கேதான் இருக்கும். கூட்டமெல்லாம் ஓயட்டும் என்று அடுத்த வாரம் வியாழக்கிழமை காலையில் கிளம்பினோம். தை மாத வெயில் சுகமாக இருந்தது. ஆட்டோ ஆப்பில் காட்டிய தொகை ஒன்று, இறங்கும்போது ஓட்டுநர் கேட்டது இன்னொன்று, குழந்தை எதிரில் சண்டை வேண்டாம் என்று கொடுத்துவிட்டேன், ஆனால் எரிச்சல் போகக் கொஞ்ச நேரம் ஆனது.

வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியா உட்பட சில நாடுகளின் போன் நம்பரை வைத்து என்ஆர்ஓ கணக்கை (வெளிநாட்டில் வசிப்பவர்கள் இந்திய வங்கியில் வைத்திருக்கும் கணக்கு) யுபிஐயில் இணைக்க 2023லேயே வழி செய்துவிட்டார்கள். அதை நம்பி என் வங்கிக் கிளைக்கு இரண்டு முறை நடந்தேன், இரண்டு முறையும் படிவம் வாங்கி வைத்துக்கொண்டார்கள், திரும்பிப் போகும் நாள் வரை இணையவில்லை. இளநீர்க் கடை வரை எல்லாரும் ஸ்கேன் செய்கிற ஊரில் நான் மட்டும் ஐந்நூறு ரூபாய் நோட்டோடு சில்லறைக்கு அலைந்தேன். சின்ன நோட்டுகளாக மாற்றி வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

சரி, பூங்காவுக்கு வருகிறேன். 22 ஏக்கர் இடத்தை 30 கோடி ரூபாய் செலவில் புதுப்பித்து 2024ல் திறந்திருக்கிறார்கள். நுழைவாயிலைப் பார்த்ததும் இடம் மாறி வந்துவிட்டோமோ என்று நினைத்தேன். ஆனால் உள்ளே கால் வைத்ததும் அதே நிழல், அதே உலர்ந்த இலை வாசனை, மரங்களை விட்டு வைத்திருக்கிறார்கள். எனக்கு அதுதான் பெரிய நிம்மதி. பாதை சமமாக இருந்தது, படி ஏறி இறங்கும் தொல்லை இல்லாமல் அம்மா தடியை ஊன்றிக்கொண்டு அவள் வேகத்தில் நடந்தாள். களைத்தபோதெல்லாம் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி நடந்தாள். "மெதுவா வரேன், நீங்க முன்னால போங்க" என்று பாதிதான் சொன்னாள், மீதி நேரம் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள்! கழிப்பறை சுத்தமாக இருந்ததையும் எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் அது எப்படி இருக்குமோ என்ற பயத்திலேயே அம்மா பல வருடங்களாக வெளியே கிளம்புவதை விட்டுவிட்டாள். வாசலில் இருந்த பணியாளர் அம்மா கையைப் பிடித்து, "பார்த்து வாங்கம்மா, ஈரமா இருக்கு" என்றார்.

மான்கள் முன்னால் ரொம்ப நேரம் நின்றோம். புள்ளிமான் என் மகளுக்குப் படத்தில் பார்த்துத் தெரியும், வெளிமானைப் பார்த்ததும்தான் வாய் மூடிவிட்டாள். முறுக்கிய கொம்பும் கறுத்த முதுகும் வெள்ளை வயிறுமாக ஒரு ஆண் மான், சற்றுத் தள்ளி மண் நிறத்தில் பெட்டைகள். ஆண் மான் வளர வளரத்தான் கறுக்கும் என்று சொன்னேன், "அப்போ இது தாத்தாவா?" என்று கேட்டாள். பூங்காவை ஒட்டியே தேசியப் பூங்காக் காடு. 2.7 சதுர கிலோமீட்டர்தான், 1978ல் அறிவித்தார்கள், ஒரு பக்கம் ஆளுநர் மாளிகை, ஒரு பக்கம் ஐஐடி. அந்தக் காட்டுக்குள் இதே வெளிமான்கள் கூண்டில்லாமல் திரிகின்றன. இத்தனை கோடி மனை விலை போகிற இடத்தில் நகரத்துக்கு நடுவே அது இன்னும் காடாகவே இருப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் ஆச்சரியம்தான். மெல்பர்னில் பெரிய பூங்காக்கள் நிறைய உண்டு, ஆனால் சர்தார் படேல் சாலை ஹாரன் சத்தத்தையும் மயில் அகவுவதையும் அங்கே ஒன்றாகக் கேட்க முடியாது.

பக்கத்திலேயே பாம்புப் பண்ணை, அதற்குத் தனி டிக்கெட். ரோமுலஸ் விட்டேக்கர் 1972ல் தொடங்கியது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நான்கையும் மகளுக்குக் காட்டினேன். அம்மா உள்ளே வரவில்லை, கால் வலியால் அல்ல, பாம்பு என்றாலே ஆகாது.

செவ்வாய்க்கிழமை விடுமுறை, அதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்குள் உள்ளே போய்விட்டால் வெயிலும் பள்ளிக்கூடக் கூட்டமும் வரும் முன் நிதானமாகப் பார்க்கலாம்.

நாங்கள் பண்ணையை விட்டு வெளியே வந்தபோது அம்மா நிழலில் உட்கார்ந்து பக்கத்தில் இருந்த ஒரு பாட்டியோடு பேசிக்கொண்டிருந்தாள். அவர் வேளச்சேரியாம், பேரனைக் கூட்டி வந்திருந்தாராம். "போலாமாம்மா?" என்றேன். "இப்பதானே உட்கார்ந்தேன், இன்னொரு தடவை மானைக் காட்டிட்டு வா" என்றாள்.