வயிற்றுப்போக்குக்குச் சீன வைத்தியம்: ஹுவாங்லியனா, ‘நான்கு சான்றோரா’?

வயிற்றுப்போக்கு என்று சீன வைத்தியரிடம் போனால், மருந்து எடுப்பதற்கு முன்பு நாக்கை நீட்டச் சொல்வார். நாக்கின் மேல் மஞ்சளாக, பிசுபிசுவென்று தடித்துப் படிந்திருந்தால் அது ‘ஈர வெப்பம்’, அதாவது உடலில் சூடும் ஈரமும் சேர்ந்துவிட்டது என்பது அவர்கள் கணக்கு. நாக்கு வெளுத்து, உப்பி, ஓரங்களில் பல் தடம் பதிந்திருந்தால் ‘மண்ணீரல் பலவீனம்’. (அவர்கள் சொல்லும் மண்ணீரல் உறுப்பு மட்டும் அல்ல, செரிமான சக்தி முழுவதற்கும் அதுதான் பெயர்.) முதல் ஆளுக்கு ஹுவாங்லியன் சேர்த்த கஷாயம். இரண்டாம் ஆளுக்கு ‘நான்கு சான்றோர்’ என்ற பெயருள்ள கஷாயம். இரண்டும் பேதிக்குத்தானே என்று மாற்றிக் குடிப்பதுதான் தப்பு.

ஹுவாங்லியன் ஒரு கிழங்கு. கோழிக்கால் மாதிரி விரல் விரலாகப் பிரிந்திருக்கும். ஒடித்தால் உள்ளே பளீரென்று மஞ்சள். வெளியில் சொல்ல முடியாத துன்பத்தை ‘ஊமை ஹுவாங்லியன் தின்றது போல’ என்று சீனர்கள் சொல்வார்கள், அவ்வளவு கசப்பு. அதற்குக் காரணம் பெர்பெரின், நம் மரமஞ்சளில் இருக்கும் அதே பொருள். வாய்வழியாகச் சாப்பிட்டால் ரத்தத்தில் மிகக் கொஞ்சம்தான் ஏறும், மீதி குடலிலேயே தங்கிவிடும். பேதிக்கு அதுவே வசதி, கிருமி இருப்பதும் அங்கேதானே. வங்கதேசத்தில் நடந்து 1987ல் வெளியான சோதனையில், ஈ. கோலை கிருமியால் பேதி கண்டவர்களுக்கு ஒரே வேளையாக 400 மில்லிகிராம் பெர்பெரின் கொடுத்ததும் போக்கின் அளவு நன்றாகக் குறைந்தது. காலராவில் பலன் சொற்பம்.

நான்கு சான்றோர் என்பவை ஜின்செங் வேர், பாய்ஜு என்ற கிழங்கு, ஃபூலிங், அதிமதுரம். ஃபூலிங் பைன் மர வேரில் வளரும் பூஞ்சை. இந்தக் கஷாயத்தில் நான் கவனிப்பது ஜின்செங்கைத்தான். அதன் முக்கியச் சத்துகள் அப்படியே எளிதில் உடலில் ஏறாது. குடல் பாக்டீரியா அவற்றில் ஒட்டியிருக்கும் சர்க்கரைத் துண்டுகளை வெட்டிக் கொடுத்தால்தான் நன்றாக ஏறும். ஆக, ஹுவாங்லியன் கிருமியை அடக்குகிற மருந்து. ஜின்செங் பாக்டீரியாவின் உதவி இருந்தால் வேலை செய்கிற மருந்து.

திடீரென்று, நாற்றத்தோடும் எரிச்சலோடும் போனால் ஹுவாங்லியன் பக்கம்தான் நியாயம் என்பேன், அதுவும் சில நாட்களுக்கு மட்டும். கசப்பும் குளிர்ச்சியும் நீண்டால் வயிறு கெடும் என்று பழைய வைத்தியர்களே எச்சரித்திருக்கிறார்கள். மாதக்கணக்கில் சாப்பிட்டவுடன் இளகிப் போகிறது, பசி இல்லை, சோர்வு என்பவருக்கு நான்கு சான்றோர்தான் பொருந்தும்.

சரி, நாக்கைப் பார்த்துப் பிரிப்பதில் உண்மையிலேயே பலன் உண்டா? சிட்னியில் நடந்து 1998ல் வெளியான சோதனையில், எரிச்சல் குடல் நோயுள்ள (அடிக்கடி வயிற்று வலியும், பேதியோ மலச்சிக்கலோ வந்துகொண்டே இருக்கும் நோய்) 116 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு அவரவருக்கென்று கலந்த மூலிகை, இன்னொன்றுக்கு எல்லாருக்கும் ஒரே கலவை, மூன்றாவதற்குப் போலி மருந்து, அதாவது பார்க்க மருந்து போலவே இருக்கும், ஆனால் மருந்துச் சத்து இல்லாத ஒன்று. 16 வாரம் முடிந்தபோது மூலிகை எடுத்த இரண்டு குழுவும் தேறியிருந்தன. மருந்தை நிறுத்தி 14 வாரம் கழித்தும் அந்த முன்னேற்றம் நிலைத்தது தனிக்கலவைக் குழுவில் மட்டும். 2006ல் வெளியான ஹாங்காங் சோதனையில் 119 பேர்; மருந்துக் குழுவில் எல்லாருக்கும் ஒரே கலவை. போலி மருந்தைவிட அது மேலாக இல்லை. இரண்டே சோதனையை வைத்து அடித்துச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் பொதுக்கலவையை பாட்டிலில் வாங்குவதைவிட, ஆளைப் பார்த்துக் கொடுப்பவரிடம் போவதையே நான் சொல்வேன்.

பிறந்த குழந்தைக்கு ஹுவாங்லியன் கூடவே கூடாது, மஞ்சள் காமாலையை மோசமாக்கும். இந்தப் பயத்தில்தான் சிங்கப்பூர் 1978ல் பெர்பெரின் உள்ள மூலிகைகளைத் தடை செய்தது. பின்னர் அந்தத் தடை விலக்கப்பட்டது. அதிமதுரம் ரத்த அழுத்தத்தை ஏற்றும், அதனால் அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் நான்கு சான்றோரையும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், சிறுநீர் குறைவது என்றால் உப்பு-சர்க்கரைக் கரைசலைக் குடித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். நாக்கு பார்ப்பதெல்லாம் அப்புறம்.