பூக்கடைக்குப் பொருந்திய இணையத்தளம்: ஈராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

சிங்கப்பூரின் தேக்காவில், சிராங்கூன் சாலையை ஒட்டிய தெரு ஒன்றில் என் அண்ணன் பூமாலைக் கடை நடத்துகிறார்; கடையின் கணக்கும் இணையத்தளமும் என் பொறுப்பு. எங்கள் முதல் தளம், பொருளைக் கூடையில் போட்டு அட்டை வழியாகப் பணம் கட்டும் மின்வணிகத் தளம். அதை ஓராண்டிலேயே மூடிவிட்டு, வேர்ட்பிரஸ் மென்பொருளில் விவரத் தளம் ஒன்றை அமைத்து ஈராண்டாகப் பயன்படுத்தி வருகிறோம். இந்த மதிப்புரை இரண்டாவது தளத்தைப் பற்றியது என்றாலும், முதலாவது ஏன் சரிப்படவில்லை என்பதைச் சொன்னால்தான் இதன் அருமை விளங்கும்.

எங்கள் மல்லிகை தமிழ்நாட்டிலிருந்து விமானத்தில் வருகிறது. முகூர்த்த நாள் நெருங்கினாலோ, அங்கே மழையால் வரத்துக் குறைந்தாலோ, காலையில் பெட்டியைத் திறக்கும்போதுதான் அன்றைய விலை எங்களுக்கே தெரியும். கூடைத் தளமோ, ஒரு பொருளுக்கு ஒரு விலை என்று எழுதி வைக்கச் சொல்லும். ஒரு தைப்பூசத்துக்கு முந்திய வாரம் சரத்தின் விலையை மாற்ற மறந்துவிட்டேன்; பழைய விலையில் பதினொரு பேர் பணம் கட்டிவிட்டார்கள். கட்டியவரிடம் கூடுதலாகக் கேட்பது முறையாகாது என்று அண்ணன் அத்தனை பேருக்கும் அதே விலையில் கொடுத்தார்.

திருமண மாலைகளில் சிக்கல் இன்னும் ஆழமானது. அந்தத் தளத்தில் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவுகள் இருந்தன. மணமகளின் தாயார் ஒருவர் இளஞ்சிவப்பு ரோஜா மாலையில் பெரிய அளவைத் தேர்ந்தெடுத்து முழுப் பணத்தையும் கட்டியிருந்தார். அண்ணனுக்கு மனம் ஒப்பவில்லை. தொலைபேசியில் அழைத்து, மாப்பிள்ளையின் உயரம் என்ன, முகூர்த்தப் புடவை என்ன நிறம் என்று கேட்டார். மறுநாள் அந்த அம்மா இரவிக்கைத் துணியின் ஓரத்திலிருந்து வெட்டிய, இரண்டு விரல் அகலமுள்ள ஒரு துண்டைக் கொண்டுவந்தார். அது அரக்கு நிறம். அண்ணன் அதை வாளியில் இருந்த ரோஜாக்களின் மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, கடைசியில் வெள்ளைச் சம்பங்கிக்கு நடுவே கருஞ்சிவப்பு ரோஜாவை வைத்துக் காட்டியதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஆக, தளத்தில் வந்த ஆணையை ரத்துசெய்து, பணத்தைத் திருப்பி அனுப்பி, புதிதாக எழுத வேண்டியதாயிற்று. கூடைத் தளத்தின் மீது எனக்குக் குறையில்லை. பேசி முடிக்க வேண்டிய தொழிலுக்கு அந்த வகையைப் பரிந்துரைத்த நிறுவனத்தின் மீதுதான் குறை. எங்கள் கடையில் வாடிக்கையாளர் எப்படி வாங்குகிறார் என்று அவர்கள் ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

இப்போதைய தளத்தில் கூடை இல்லை. மாலைகளின் படங்கள், ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய எந்த விலையிலிருந்து எந்த விலை வரை ஆகும் என்ற குறிப்பு, கடைக்கு வரும் வழி, திறக்கும் நேரம், ஒரு வாட்ஸ்ஆப் பொத்தான், இவ்வளவுதான். பொத்தானை அழுத்தினால், எந்த மாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்களோ அதன் பெயர் செய்தியில் தானாகவே வந்துவிடுகிறது. முகப்பில் 'இன்றைய சரம் விலை' என்ற ஒரு வரியை அண்ணி தினமும் காலையில் தம் கைப்பேசியிலிருந்தே மாற்றுகிறார். பேசி முடித்த பிறகு முன்பணத்தை, வங்கிக் கணக்கிலிருந்து நேரே பணம் அனுப்பும் பேநவ் வழியாக, கடையின் பதிவு எண்ணுக்கே பெற்றுக்கொள்கிறோம். 2018 முதல் நிறுவனங்களுக்கும் இருந்துவரும் இந்த வசதி போதும் என்பதால் அட்டைக் கட்டணத்துக்கான தரகும் மிச்சம்.

வேர்ட்பிரஸ் 2003 முதல் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள். செலவு, தளத்தை வைக்கும் வழங்கி வாடகைக்கும் முகவரிக்கும், வடிவமைத்துத் தருபவரின் கூலிக்கும்தான். ஆனால் மென்பொருளையும், கூடுதல் வசதிக்காக அதில் சேர்க்கும் செருகுநிரல்களையும் அவ்வப்போது புதுப்பித்தே ஆக வேண்டும். விட்டால் பாதுகாப்பு ஓட்டை விழும். மாதத்தில் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்க ஆளில்லாத கடைக்கு, மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் தாங்களே பார்த்துக்கொள்ளும் விக்ஸ், ஷாப்பிஃபை போன்றவை நிம்மதி. விக்ஸில் கட்டிய தளத்தை அப்படியே வேறு வழங்கிக்கு எடுத்துச் செல்ல முடியாது என்பதை மட்டும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். மசாலாப் பொடி, ஊதுபத்தி, பித்தளை விளக்கு என்று விலையும் எடையும் மாறாத பொருள்களை விற்பவருக்குக் கூடைத் தளம்தான் சரி; அவரை வாட்ஸ்ஆப்பில் ஒவ்வொருவருக்கும் பதில் எழுத வைப்பது வீண் வேலை. எங்களிடமும் கற்பூரமும் திரியும் உண்டு. அவற்றுக்கு மட்டும், வேர்ட்பிரஸில் கூடை வசதி தரும் வூகாமர்ஸ் செருகுநிரலைச் சேர்த்து ஒரு சிறு கூடைப் பகுதி திறக்கும் எண்ணம் இருக்கிறது. அப்போது பெயரும் வீட்டு முகவரியும்கூட நம்மிடம் சேரும்; வாடிக்கையாளர் தகவலை வைத்திருக்கும் எந்த நிறுவனமும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி அதற்குப் பொறுப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும்.

முகவரியைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். முதல் நிறுவனம் எங்கள் தள முகவரியைத் தன் பெயரிலேயே பதிந்து வைத்திருந்தது. விலகியபோது அதை மீட்க வாரக்கணக்கில் அலைந்தோம். இம்முறை டாட் காம் டாட் எஸ்ஜி முகவரியை அண்ணனின் நிறுவனப் பதிவைக் காட்டி, அரசின் மின்னடையாளமான சிங்பாஸ் வழியாக அவரே உறுதிப்படுத்தி வாங்கினார். கடவுச்சொற்கள் இப்போது கல்லாப்பெட்டிக்குள் இருக்கும் சிறு குறிப்பேட்டில் உள்ளன.

புதிய தளத்தை அமைத்த இளைஞருக்கு ஐந்தில் நான்கரை தருவேன். அரை மதிப்பெண்ணைக் குறைத்ததற்குக் காரணம் தமிழ்ப் பக்கம். கதம்பம், ஆண்டாள் மாலை, தோமாலை என்று பெயர்களைத் தமிழிலும் இட வேண்டும் என்று முதல் நாளே கேட்டிருந்தோம். அவர் இட்டார், ஆனால் ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியையே தமிழுக்கும் வைத்துவிட்டதால், 'வீட்டுப் பூசை' என்ற தலைப்பில் ஈகாரச் சுழி மேல்வரியில் முட்டி வெட்டுப்பட்டது. தேக்கா சந்தைக்கு வரும் பாட்டி ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மீண்டும் படிக்க முயன்றதைப் பார்த்த பிறகு, எழுத்துருவை நோட்டோ சான்ஸ் தமிழுக்கு மாற்றி இடைவெளியையும் கூட்டச் சொன்னேன். மூன்றே நாளில் சரிசெய்து கொடுத்தார்.