ஸ்போர்ட்ஸ் கார் அலைன்மென்ட்: கடையின் 3டி மெஷினா, மேஸ்திரி நூலா?

அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்யும் வேலைக்குக் கடைக்குப் போனால், மெஷின் மானிட்டரில் கட்டமெல்லாம் பச்சையானதும் "ஓகே சார், எடுத்துக்கோங்க" என்று வண்டியை இறக்கிவிடுவார்கள். சாதாரண ஹேட்ச்பேக்குக்கு அது போதும். ஸ்போர்ட்ஸ் காருக்குப் பச்சையை நம்பக் கூடாது. முன் கேம்பருக்கு (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாயும் கோணம்; மேற்பக்கம் உள்ளே சாய்ந்தால் நெகட்டிவ்) கம்பெனி கொடுத்த வரம்பு -0.15 முதல் -1.15 டிகிரி வரை என்று வைத்துக்கொள்வோம். இடப்பக்கம் -0.2, வலப்பக்கம் -1.1 இருந்தாலும் இரண்டும் பச்சைதான். வண்டியோ இடப்பக்கம் இழுக்கும், ஏனென்றால் நெகட்டிவ் கேம்பர் குறைவாக உள்ள பக்கம்தான் கார் சாயும். நம் ரோடுகளும் மழைத்தண்ணீர் வடிய இடது ஓரத்துக்குச் சரிந்தே இருப்பதால் இழுவை இரட்டிப்பாகத் தெரியும். அதனால் கடையில் கலரைப் பார்க்காமல் எண்ணைக் கேளுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த பிரின்ட் அவுட்டை வாங்கி வையுங்கள்.

மெஷின் இல்லாமல் சமாளிக்க முடியாத இடம் இரண்டு. ஒன்று காஸ்டர், அதாவது பக்கவாட்டில் பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சு முன்னோ பின்னோ சாயும் கோணம். ஸ்டீயரிங்கை இரு பக்கமும் திருப்பி, கேம்பர் எவ்வளவு மாறுகிறது என்பதிலிருந்து கணக்கிடும் அளவு அது; வண்டியின் இரு பக்கமும் நூல் கட்டி அளக்கும் மேஸ்திரி முறையில் எடுக்க முடியாது. மற்றது த்ரஸ்ட் ஆங்கிள், அதாவது பின் அச்சு வண்டியின் நடுக்கோட்டை விட்டு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது. நூலிலும் இதைப் பிடிக்கலாம். ஆனால் நூலையே கொஞ்சம் கோணலாகக் கட்டியிருந்தால் அந்தத் தப்பு இதில் வந்து ஒளிந்துகொள்ளும்.

மெஷின் பொய் சொல்வதற்கு முக்கால்வாசி காரணம் அவசரம். மெஷினின் கிளாம்பை (ரிம்மில் மாட்டும் கவ்வி) மாட்டிய பிறகு வண்டியை முன்னும் பின்னும் உருட்டி ரிம் கோணலைக் கழிக்க வேண்டும். முன் சக்கரத்துக்கு அடியில் சுழலும் டர்ன் டேபிள், பின் சக்கரத்துக்கு அடியில் நழுவும் ஸ்லிப் பிளேட் இரண்டின் லாக் பின்னையும் எடுத்திருக்க வேண்டும். பின் பிளேட்டின் பின்னை மறப்பது சகஜம். அப்படி இருந்தால் டயர் இறுகி நின்று, பின் கேம்பரும் டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்பக்கம் உள்ளே, வெளியே திரும்பியிருக்கும் அளவு) தவறாகக் காட்டும். சோதிக்க எளிய வழி: கிளாம்பைக் கழற்றி மறுபடி மாட்டி இன்னொரு தடவை அளக்கச் சொல்லுங்கள். 5 மினிட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் (60 மினிட் ஒரு டிகிரி) வேறு கடை பாருங்கள். பெயின்ட் அடித்த ரிம் என்றால், ரிம் உதட்டைக் கவ்வாமல் டயரைக் கவ்வும் கிளாம்ப் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

இனி நூல். முதல் எதிரி தரை. அபார்ட்மென்ட் ஸ்டில்ட் பார்க்கிங் தண்ணீர் வடியச் சாய்த்தே போடப்பட்டிருக்கும். டிராக் (இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலம்) 1500 மி.மீ. உள்ள காரில் இடது வலது உயரம் 5 மி.மீ. மாறினாலே கேம்பர் கிட்டத்தட்ட 0.2 டிகிரி தப்பும். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் மட்டம் போதும்: தண்ணீர் நிரப்பி நான்கு சக்கர இடத்தையும் பாருங்கள். தாழ்ந்த இடத்தில் டைல்ஸை அடுக்குங்கள். மேலே, நடுவில் கிரீஸ் தடவிய இரண்டு கனத்த பிளாஸ்டிக் ஷீட்டை வைத்தால் அதுவே ஸ்லிப் பிளேட். காற்றைக் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது சரிபார்த்துவிடுங்கள். மதியத்தில் வெயில் படும் பக்கத்து டயர் ஓரிரு பிஎஸ்ஐ கூடக் காட்டும்.

நான்கு ஸ்டாண்டில் இரண்டு நைலான் நூலை, பக்கத்துக்கு ஒன்றாக, ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) மைய உயரத்தில் கட்டுங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான். நூலுக்கும் நான்கு ஹப்புக்கும் ஒரே இடைவெளி வைப்பார்கள். பின் டிராக் முன்னதைவிட 20 மி.மீ. அகலம் என்றால், முன் ஹப்பிலிருந்து நூல் 10 மி.மீ. கூடுதலாகத் தள்ளி இருக்க வேண்டும். இடதும் வலதும் மட்டும் சமம். பிறகு ரிம்மின் முன் விளிம்பு, பின் விளிம்பு இரண்டிலிருந்தும் நூலுக்கு ஸ்டீல் ஸ்கேலால் அளங்கள். முன்னால் இடைவெளி கூடுதல் என்றால் டோ இன், குறைவு என்றால் டோ அவுட். 17 இஞ்ச் ரிம்மின் வெளி விளிம்பு சுமார் 457 மி.மீ.; அதில் 1 மி.மீ. வித்தியாசம் ஏழரை மினிட். கண்ணால் அரை மி.மீ. படிக்க முடிந்தால் போதும், டோவில் நூல் மெஷினுக்கு இளைத்ததில்லை. கேம்பருக்கு டிஜிட்டல் ஆங்கிள் கேஜை ரிம்மில் செங்குத்தாக வைத்துப் பார்த்தால் சரி.

பின்னால் முடித்துவிட்டுத்தான் முன்னால் வர வேண்டும். காஸ்டர், கேம்பர், கடைசியில் டோ. கேம்பரைத் தொட்டால் டோ ஓடிவிடும். ஜாக்கி போட்டு இறக்கியதும் அளக்காதீர்கள்: சக்கரம் உள்ளே ஒடுங்கி நிற்கும். பிளேட்டில் பானெட்டையும் டிக்கியையும் நாலைந்து தடவை அமுக்கிவிடுங்கள், இல்லையேல் வண்டியைச் சில மீட்டர் உருட்டி வாருங்கள். ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட்டைத் திருப்பித்தான் முன் டோவை மாற்றுவது. அதன் மரை 1.5 மி.மீ. பிட்ச், ஸ்டீயரிங் ஆர்ம் 130 மி.மீ. என்றால் கால் சுற்று திருப்பினால் ஏறக்குறைய 10 மினிட் மாறும். திருப்புவதற்கு முன் ரேக் பூட்டின் (ஸ்டீயரிங் ரேக்கை மூடும் ரப்பர் உறை) சின்ன கிளிப்பைத் தளர்த்துங்கள். இல்லையேல் பூட் முறுக்கிக் கிழியும். அடுத்த மழையில் ரேக்குக்குள் தண்ணீர் போகும். பெசன்ட் நகர், நீலாங்கரைப் பக்கத்து வண்டிகளில் உப்புக்காற்றில் லாக் நட் துருப்பிடித்து இறுகியிருக்கும், முந்தின நாளே துரு இளக்கி அடித்து வையுங்கள்.

சஸ்பென்ஷன் ஆர்மில் இருக்கும் ரப்பர் புஷ் தேய்ந்திருந்தால் மெஷின், நூல் இரண்டுமே காப்பாற்றாது. நிறுத்தி அளக்கும்போது சரியாக இருக்கும், பிரேக் பிடித்ததும் டோ மாறும். சஸ்பென்ஷன் ஆர்ம் போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு உயரமே மாறிவிடும். வண்டி தன் எடையில் நிற்கும்போதுதான் இறுதி முறுக்கு. ஸ்டீயரிங் கோணலாக இருந்தால் சில இடங்களில் ஸ்டீயரிங் வீலைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டுவார்கள், விடாதீர்கள். டை ராட்டில்தான் சரிசெய்ய வேண்டும். ஈஎஸ்பி (வண்டி சறுக்காமல் பிடிக்கும் எலக்ட்ரானிக் அமைப்பு) உள்ள காரில் ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சாரை ஸ்கேனரால் ரீசெட் செய்ய வேண்டியும் வரலாம். நூல்காரர்கள் மறப்பது இது.

ஈசிஆர் மாதிரி ரோட்டில் ஓட்ட முன் கேம்பர் -1 முதல் -1.5 டிகிரி, டோ பூஜ்யம். பின் சக்கரம் ஓட்டும் காரில் பின்னால் மொத்தம் 1, 2 மி.மீ. டோ இன். சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் 3.7 கி.மீ., கடிகார திசையில் ஓடுவது; இடது முன் டயரின் வெளித்தோள்தான் முதலில் கரையும். அங்கே முன் கேம்பர் -2.5 முதல் -3 வரை, முன் டோ மொத்தம் 1, 2 மி.மீ. அவுட் என்று தொடங்கலாம். பெரும்பாலான கார்களின் முன்னால் இருக்கும் சாதாரண மெக்பர்சன் ஸ்ட்ரட் சஸ்பென்ஷனில் கம்பெனி அமைப்பு டோவை மட்டுமே மாற்ற விடும், இவ்வளவு கேம்பருக்கு ஸ்ட்ரட்டின் மேல்முனையை நகர்த்த விடும் கேம்பர் பிளேட் வேண்டும்.

இங்கேதான் நூல் ஜெயிக்கிறது. டிராக்கில் ஓட்டத்துக்கு இடையில் கடைக்கு ஓட முடியாது. எங்கள் யோசனை: புஷ் மாற்றியதும் மெஷினில் ஒருமுறை காஸ்டரும் த்ரஸ்ட் ஆங்கிளும் எடுத்து எழுதி வையுங்கள், டோ, கேம்பரை நூலிலும் கேஜிலும் பாருங்கள். ரோடு அமைப்பில் டை ராட்டுக்கு வெள்ளை பெயின்ட் கோடு போட்டுவிட்டு, டிராக்குக்கு எத்தனை சுற்று என்று குறித்துக்கொண்டால் மாலையில் திருப்பி வைப்பது சுலபம். டோ அவுட்டோடு பெங்களூரு நெடுஞ்சாலையில் தினமும் ஓட்டினால் டயரின் உள் விளிம்பு தேய்ந்துகொண்டே போகும். ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பிக் குனிந்து பார்த்தால் ஒழிய அது கண்ணில் படாது.