எம்டிடியா, எஸ்ஆர்பியா? மூலிகைச் சாற்றுக்கு எது சரி

மூலிகைச் சாறு புற்றுச் செல்லைத் தடுக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்க்கும் இரண்டு சாயச் சோதனைகள்தான் எம்டிடியும் எஸ்ஆர்பியும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் ஆயா வீட்டு முருங்கையில் பறித்த இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து, மெத்தனாலில் ஊறவைத்து எடுத்த சாறுதான் நான் முதலில் சோதித்தது. செய்தது எம்டிடி. அதில் ஊதா கூடினால் உயிருள்ள செல் கூடுதல் என்று பொருள். மஞ்சள் சாயம் ஊற்றி நாலு மணி நேரம் இன்குபேட்டரில் வைத்து எடுத்தால், சாற்றின் அளவு கூடக் கூட ஊதாவும் கூடியிருந்தது. அப்படியானால் சாறு புற்றுச் செல்லை வளர்க்கிறதா? பயந்துவிட்டேன். அப்புறம்தான் செல் வளர்க்கும் சிறு குழிகள் கொண்ட தட்டின் ஓரத்தைப் பார்த்தேன். செல்லே போடாமல் சாறு மட்டும் ஊற்றிய குழிகளும் ஊதா!

எம்டிடி 1983-இல் மோஸ்மன் வெளியிட்ட முறை. உயிருள்ள செல்லின் நொதிகள் மஞ்சள் சாயத்தை ஊதாப் படிகமாக மாற்றும்; படிகத்தை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து, நிறத்தின் அடர்த்தியை 570 நானோமீட்டர் ஒளியில் அளப்போம். ஆனால் வைட்டமின் சியும், பாலிஃபீனால்கள் என்ற தாவரப் பொருள்களும் செல்லின் உதவி இல்லாமலே அந்த மாற்றத்தைச் செய்துவிடும். முருங்கை இலையில் இரண்டும் தாராளம். தூய மருந்துக்கு நன்றாக உழைக்கும் முறை, பச்சிலைச் சாற்றில் சறுக்குவது இதனால்தான். சாயம் போடும் முன் சாற்றை உறிஞ்சி எடுத்துக் கழுவினால் பிழை குறையும், முழுக்கப் போகாது.

எஸ்ஆர்பி வேறு வழியில் போகிறது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தார் 1990-இல் வெளியிட்டது. டிரைகுளோரோ அசெட்டிக் அமிலம் விட்டுச் செல்களைக் குழியின் அடியில் ஒட்டவைத்து, தண்ணீரில் நாலைந்து முறை அலசி, உலர்த்திய பிறகே இளஞ்சிவப்புச் சாயம். அது செல்லின் புரதத்தில் ஒட்டும். சாற்றின் பச்சை நிறம் அலசலிலேயே பெரும்பாலும் போய்விடும். மின்வெட்டுப் பட்டியலைப் பார்த்துப் பார்த்து வேலை செய்த எங்களுக்கு இன்னொரு நிம்மதி: உலர்ந்த தட்டு நாள் கணக்கில் காத்திருக்கும். எம்டிடியில் பாதியில் மின்சாரம் போனால் அன்றைய உழைப்பே வீண்.

குறையும் உண்டு. செத்தும் அடியில் ஒட்டியிருக்கும் செல்லை எஸ்ஆர்பி கணக்கில் சேர்த்துவிடும். எம்டிடியோ, சாகாமல் சோர்ந்த செல்லையும் செத்ததாகக் காட்டக்கூடும். எதைச் செய்தாலும் மைக்ராஸ்கோப்பில் ஒருமுறை கண்ணால் பாருங்கள்.

இரத்தப் புற்றுச் செல்லுக்கு மட்டும் நான் எம்டிடிக்குத் திரும்புவேன், சாற்றைக் கழுவிய பிறகு. அந்தச் செல்கள் மிதப்பவை. எஸ்ஆர்பி அலசலில் அடித்துக்கொண்டு போய்விடும். நம் முற்றத்து நித்தியகல்யாணியை நினைத்துப் பாருங்கள். சர்க்கரை நோய்க்கு உதவுமா என்று கனடாவில் எலிக்குக் கொடுத்துப் பார்த்தபோது வெள்ளையணுக்கள் குறைந்தன. 1958-இல் அதிலிருந்து வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துப்பொருள் கிடைத்தது. அந்தச் செடியின் இந்த வகை ஆல்கலாய்டுகள் செல் பிரியும் நேரத்தில் தடுப்பவை. 24 மணி நேரத்தில் தட்டை எடுத்தால் பாதி விளைவு கண்ணில் படாது. 72 மணி நேரம் வையுங்கள்.

எந்த முறையானாலும், கச்சாச் சாறு மில்லிலிட்டருக்கு 20 மைக்ரோகிராமுக்குள் பாதிச் செல்லைத் தடுத்தால்தான் மேற்கொண்டு பிரித்துப் பார்ப்பது வழக்கம். பக்கத்திலேயே சாதாரணச் செல்லும் வைக்க வேண்டும். இரண்டையும் கொன்றால் அது வெறும் விஷம்.

அதே முருங்கைச் சாற்றை எஸ்ஆர்பியில் வைத்தேன். 200 மைக்ரோகிராமிலும் செல் பாதியாகக் குறையவில்லை. ஆயாவிடம் அதை அப்படியே சொன்னேன். கீமோ எடுக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கீரை சமைத்துக் கொடுங்கள், மருந்தை மட்டும் நிறுத்தச் சொல்லாதீர்கள் ஆயா என்றும் சொன்னேன்.