ஏழரை மணி மனுசன்

எங்கள் வீட்டில் ஏழரை என்றால் சனியன் இல்லை, ஜெப்பர்டி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி அறிவுப்போட்டி. கனடாவில், ஸ்காபரோவில் அப்பா இரவு வேலைக்குக் கிளம்புவதற்கு முன் அந்த அரை மணி நேரம் ஒருவரும் தொலைபேசியை எடுக்கக்கூடாது. ஊரில் புவியியல் படிப்பித்தவர், இங்கே பாண் தொழிற்சாலையில் நின்றார். தலைநகரம், ஆறு என்று வந்தால் போட்டியாளர்களுக்கு முன்பே சொல்லிவிடுவார். ஆனால் வெறுமனே "லீமா" என்பார். அந்தப் போட்டியில் குறிப்பு விடை மாதிரி வரும், போட்டியாளர் "லீமா என்பது என்ன?" என்று கேள்வியாகத்தான் சொல்லவேண்டும். "பிழை அப்பா, கேள்வியாச் சொல்லுங்கோ" என்று நான் கத்துவேன். "விடை தெரிஞ்சாப் போதாதோ?" என்பார், ஒவ்வொரு நாளும்.

அதை நடத்திய அலெக்ஸ் ட்ரெபெக் தன் வாழ்க்கையை எழுதிய 'தி ஆன்சர் இஸ்...' 2020 ஜூலையில், அவருடைய 80வது பிறந்தநாளுக்கு முதல் நாள் வெளிவந்தது. நான் இப்போதுதான் முடித்தேன், அச்சில் ஒரு தடவை, ஒலியில் ஒரு தடவை. அச்சுப் பிரதி பழைய புத்தகக் கடையில் எட்டு டொலர்.

அத்தியாயத் தலைப்புகளும் போட்டியில் போலக் கேள்விகள்தான். எல்லாம் சின்னச் சின்னது. பஸ்ஸில் நாலு தரிப்புப் போவதற்குள் ஒன்று முடிந்துவிடும். அதுவே குறையும். கனடாவின் பொது ஒலிபரப்பு நிறுவனமான சிபிசியில் 1961இல் சேர்ந்தவர், 1973இல் அமெரிக்கா போகிறார். போய் நடத்திய நிகழ்ச்சிகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றுபோகின்றன. 1984இல் ஜெப்பர்டி கிடைக்கும் வரை பதினொரு வருடம்! புலம்பெயர்ந்த எவருக்கும் அந்தப் பதினொரு வருடம்தான் கதை. மனுசன் அதைச் சிரித்துக்கொண்டே கடந்து போகிறார்.

அவர் பிறந்து வளர்ந்த கனடிய ஊரான சட்பரி பற்றிய பக்கங்கள் வேறு மாதிரி. உக்ரேனிலிருந்து வந்து ஹொட்டேலில் சமையல் செய்த தகப்பன், பிரெஞ்சு பேசும் தாய். இராணுவக் கல்லூரியில் சேர்ந்த பையன், தலைமயிரை ஒட்ட வெட்டச் சொன்னதும் மூன்றே நாளில் திரும்பி வந்துவிடுகிறான். அதே ஆள் பிற்காலத்தில், 2001இல், ஒருவரையும் கேட்காமல் அந்தப் பேர்போன மீசையை வழித்தார். மயிர் விசயத்தில் மட்டும் யார் சொல்லும் கேட்கமாட்டார் போல.

தொழில் பற்றி இன்னும் எழுதியிருக்கலாம். ஒரே நாளில் ஐந்து நிகழ்ச்சி பதிவாகும், ஒன்றுக்கு 61 கேள்விகள். அவ்வளவையும் அன்று காலையிலேயே வாசித்து, நாக்குப் புரளாத பெயர்களுக்கு உச்சரிப்புக் குறி போட்டுக்கொள்வார். அவர் கடைசிச் சொல்லை முடித்த பிறகுதான் போட்டியாளர்கள் பதில் சொல்ல அமத்தும் பொத்தான் வேலை செய்யும். முந்தி அமத்தினால் கால் விநாடி பூட்டிவிடும். அதனால் அவர் ஒரு சொல்லையும் விழுங்கமுடியாது. அப்பாவுக்கு இங்கிலீஷ் பிடிபட்டதே அந்த வாயால்தான்.

இரண்டில் எது என்று கேட்டால் ஒலிப்புத்தகம். பெரும்பகுதியை வாசிப்பவர் கென் ஜென்னிங்ஸ். 2004இல் தொடர்ந்து 74 ஆட்டங்கள் வென்றவர், பின்னால் ட்ரெபெக்கின் இடத்துக்கே வந்தவர். தன்னைப் பற்றி ட்ரெபெக் எழுதியதையும் அவரே வாசிக்கவேண்டிய நிலை, எனக்குச் சிரிப்பு. சில பகுதிகளை மட்டும் ட்ரெபெக் வாசிக்கிறார். அந்தக் குரல் வந்தபோது நான் மார்க்கம் வீதியில் சிவப்பு விளக்கில் நின்றேன். பச்சை விழுந்தது தெரியவில்லை. பின்னாலிருந்தவர் ஹோர்ன் அடித்துக் கொன்றுவிட்டார்.

நோய் பற்றிய பக்கங்களில் அழுகை இல்லை. 2019 மார்ச்சில், கணையப் புற்றுநோய் நான்காம் கட்டம் என்று பார்வையாளர்களிடம் தானே சொன்னவர், இன்னும் மூன்று வருடம் ஒப்பந்தம் இருக்கிறதே என்று பகிடியும் விட்டவர். மனைவியோடு ஊஞ்சலில் இருந்தபடி கதை முடிந்தால் போதும் என்று எழுதுகிறார். கடைசிப் பதிவு 2020 அக்டோபர் 29. பத்தாம் நாள் போய்விட்டார். அது புத்தகத்தில் இல்லை, அதற்கு முன்பே அச்சாகிவிட்டது.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். ஜெப்பர்டி பார்த்தே இராதவர்கள் காசைச் செலவழிக்க வேண்டாம்.

அச்சுப் பிரதியை அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படங்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். மீசையோடு நிற்கும் ஒன்றில் விரலை வைத்தார்.

"இவன்தான் ஆள்" என்றார்.